கரிச்சான் பாட்டு வெளியிட்ட கதை

எந்தக் கூட்டத்திலும் சேராத கரிச்சான் ஒன்று, காற்றில் கூட்டிலிருந்து விழுந்து இறந்த தன் மூத்த குஞ்சுக்காக ஒரு பாட்டு கட்டியது. தோப்பு முழுவதும் அதைக் கேட்க வேண்டும் என்ற ஆசையில், ஊருக்கெல்லாம் சேதி சொல்லும் காகத்திடம் போயிற்று.

"வெறும் பாட்டுக்கு யாரு வருவா, தம்பி? குஞ்சு எப்படி விழுந்துச்சுன்னு தினமும் கொஞ்சம் கொஞ்சமா சொல்லு. கூட்டம் சேரட்டும், அப்புறம் பாடு."

கரிச்சான் அப்படியே தினமும் சொன்னது. மைனாக்களும் அணில்களும் வந்தன. விழுந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டன. ஐந்தாம் நாள் கிளை கொள்ளாத கூட்டம். கரிச்சான் கண்ணை மூடிப் பாடத் தொடங்கியது.

இரண்டாவது அடியிலேயே ஒரு மைனா குறுக்கிட்டது. "பாட்டு கெடக்கட்டும் அண்ணே. விழும்போது அது கத்துச்சா, இல்லையா? நேத்து அதைச் சொல்லாமலே நிறுத்திட்டீங்க."

கரிச்சான் காகத்தைப் பார்த்தது.

"சொல்லிடு, சொல்லிடு" என்று கிசுகிசுத்தது காகம்.

கரிச்சான் அதையும் சொன்னது. கூட்டம் நன்றாக அழுதது. நாளையும் வருவதாகச் சொல்லிவிட்டுக் கலைந்தது.

"நாளைக்காவது பாடலாமா, அண்ணே?" என்று காகத்திடம் கேட்டது கரிச்சான்.

"பாடலாம், பாடலாம்" என்ற காகம், கூட்டுக்குள் எட்டிப் பார்த்தது. "இன்னும் எத்தனை குஞ்சு இருக்கு?"