ஜேஜு விமானத்தின் உயரமானிகள்

ஜேஜு தீவுக்குப் புறப்படவேண்டிய விமானத்தில் இரண்டு உயரமானிகளும் ஆளுக்கொரு உயரம் காட்டின. பராமரிப்பு நிறுவனத்துப் பொறியாளர் செரிம் அதைப் பறக்கவிட மறுத்தாள்.

"ஏம்மா, இதுதான் கடைசி ஃப்ளைட்! வெளியே ஒரு கல்யாணக் கோஷ்டியே கத்திட்டிருக்கு. விடிஞ்சா அங்க கல்யாணம்!" விமான நிறுவன மேலாளர் கிதாக் பதறினார்.

"கத்தட்டும் சார். உயரம் தெரியாம எப்படி இறக்குறது?"

ஓர் உயரமானிக்குப் போகும் காற்றழுத்தக் குழாயை அவள் கழற்றியதும் தண்ணீர் கொட்டியது.

"மாட்டிக்கிச்சு! மழைத்தண்ணிதான் சார் இவ்வளவு ஆட்டம் காட்டியிருக்கு!" செரிம் துள்ளிக் குதித்தாள்.

உலர்த்தி, மாட்டிச் சோதித்தபோது இரண்டும் ஒரே உயரம் காட்டின. கிதாக்குக்கு உயிர் வந்தது.

"இவ்வளவு லேட் பண்ணினதுக்கு அந்தக் கல்யாணப் பொண்ணு உன்னைச் சும்மா விடமாட்டா, பாரு!"

"அவ ஒண்ணும் சொல்லமாட்டா சார். பயணிகளை ஏத்துங்க, கை கழுவிட்டு ஓடி வந்துடறேன். நான் போகாம அங்க மாப்பிள்ளை யார் கையைப் பிடிப்பாரு?"