குளிக்காமல் போகாத அறை

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பிக்கரிங்கிலிருந்து கீதன் வீட்டுக்கு வந்திருந்தார் பாலேஸ்வரி. கொம்பனியே ஓட வான் கொடுத்திருக்கிற நல்ல வேலை என்று தரகர் சொல்லியிருந்தார்.

வேலையால் வீடு திரும்பிய கீதன் வாசலிலேயே நின்று, "இருங்கோ அன்ரி, குளிச்சிட்டு வாறன்" என்று நேரே குளியலறைக்குள் போனான். பிறகு ஈரத் தலையோடு தோடம்பழம் வெட்டித் தட்டில் எடுத்துக்கொண்டு, மூலை அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான்.

"ஒவ்வொரு நாளும் உப்பிடித்தானோ?"

"ஓம். குளிக்காமல் அந்த அறைக்குள்ள கால் வைக்கமாட்டான்" என்றார் அவன் தாய் இராசமணி, கொஞ்சம் சலிப்போடு.

பாலேஸ்வரிக்கு மனம் குளிர்ந்தது. போன கிழமை பார்த்த மார்க்கம் ஊர்ப் பெடியன் சாமியறைக்குள் சப்பாத்தோடு நின்றவன்.

"நானும் ஒருக்கால் கும்பிட்டிட்டு வாறன்" என்று எழும்பியவர், இராசமணி தடுப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே சாமி இல்லை. கண்ணாடித் தொட்டிக்குள் தாடி வைத்த ஓணான் ஒன்று படுத்திருந்தது. பக்கத்துப் பிளாஸ்டிக் பெட்டியில் நூற்றுக்கணக்கான கரப்பான்கள் தோடம்பழத்தை மொய்த்துக்கொண்டிருந்தன.

"டோண்ட் வொறி அன்ரி, உதுகள் பறக்காது. ஓணான்ர சாப்பாட்டுக்கு நான் வளர்க்கிறது."

பாலேஸ்வரி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "இந்தக் கரப்பானுக்கோ தம்பி குளிச்சிட்டு வந்தனீர்?"

"ஓம் அன்ரி. வேலை உடுப்போட வந்தா உதுகள் செத்துப்போகும். வீடு வீடாய்ப் போய்க் கரப்பானுக்கு மருந்து அடிக்கிறதுதானே என்ர வேலை."