எத்தனை முழுக்கு?

"போதும், மேல வாய்யா!"

ரிஷிகேஷ் படித்துறையில் தமிழ்க் குரல் கேட்டதும், ராயபுரத்திலிருந்து யாத்திரை வந்திருந்த கஸ்தூரி, மங்கம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்த ஊரும்மா?"

"எண்ணூர்க்கா. கடல் தொழில்."

ஆற்றில் சுப்புராயன் முங்குவதும் எழுவதுமாக இருந்தார். குளிரில் உடம்பு வெடவெடத்தது.

"உன் வூட்டுக்காரரா? மூணு முழுக்கு பத்தாதா? அவ்ளோ பாவமா பண்ணிட்டாரு?" கஸ்தூரி சிரித்தாள்.

மங்கம்மா சிரிக்கவில்லை.

"பாவத்தக் கழுவலக்கா. போன வாரம் எங்க புள்ள தோஸ்துங்களோட ரப்பர் படகுல போனான். இங்கதான் கவுந்துச்சு. தேடினவங்கல்லாம் கைய விரிச்சிட்டாங்க. இவருதான் இன்னும் தேடிக்கினு கீறாரு."

கஸ்தூரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீரிலிருந்து எழுந்த சுப்புராயன், மனைவியைப் பார்த்து இல்லையென்று தலையாட்டிவிட்டு மறுபடியும் முங்கினார்.