துண்டின் மேல் விழுந்த பழி

ஸ்டேஷன் படியேறும்போதே பொன்னுரங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மரியாதையாக இடுப்பில் கட்டிக்கொண்டான். அந்த மரியாதை அவனைக் காப்பாற்றவில்லை. விடிந்தபோது லாக்கப்பில் பிணமாகத் தொங்கினான். பெரிய அதிகாரி வந்து எட்டிப் பார்த்து, துண்டில் தூக்கு மாட்டிக்கொண்டான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போனார்.

மேஜைமேல் கிடந்த துண்டுக்கு வயிறு எரிந்தது. “என்னை அவன் கழுத்தில் மாட்டும்போதே உடம்பு சில்லிட்டிருந்ததே! அடித்துக் கொன்றது நீயல்லவா?” என்று மூலையில் சாய்ந்திருந்த லத்தியிடம் சீறியது.

“கத்தாதே. நான் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறேன். உன் பேச்சு எங்கே எடுபடும்?” என்றது லத்தி.

பொன்னுரங்கத்தின் பெண்டாட்டி ஓடிவந்தாள். “எம் புருசன் நாண்டுக்கிட்டுச் சாகுற ஆளில்லீங்க!” என்று மல்லுக்கு நின்றாள். ஏட்டு துண்டை எடுத்து அவள் முன் விரித்துக் காட்டினார்.

“நானில்லை தாயி!” என்று துண்டு கதறியது. அவளுக்குக் கேட்கவில்லை.

“ஐயோ, பொங்கலுக்கு நான்தானே இதை எடுத்துக் குடுத்தேன்! நானே கொன்னுட்டேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

லத்தி மெல்லச் சிரித்தது. “கேட்டாயா? கொன்றது யாரென்று அவளே சொல்லிவிட்டாள்.”