டேய் சொல்ல ஒரு ஆள்

"என்னைய டேய்னு கூப்பிடு தாயி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கும்பிடாத குறையாக நின்றார் சீனிச்சாமி. ஏணியைத் தோளில் தூக்கியிருந்த பவதாரணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவருக்கு நாற்பத்தேழு வயது, அவளுக்கு இருபத்தாறு.

"யோசிச்சுத்தான் பேசுறீங்களாண்ணே?"

யோசிக்காமலா? காலமெல்லாம் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் பிழைத்தவர். ஜீப்பு கைவிட்டுப் போனபிறகு, மகன் வயசுப் பயல்களோடு பெஞ்சில் உட்கார்ந்து வயரிங் படித்து முடித்திருந்தார். இனி லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் வருஷக்கணக்கில் கூடமாட வேலை பார்த்து, அனுபவம் உண்டு என்று கையெழுத்து வாங்கினால்தான் அந்தப் படிப்புக்கு மதிப்பு.

அந்தக் கையெழுத்துப் போடத்தான் ஊரில் ஆளில்லை. வயரிங் காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் எல்லாம் சின்னப் பயல்கள்.

"உங்க ஜீப்புல தொத்திக்கிட்டுப் போனவண்ணே நான். உங்களப் போயி டீ வாங்கிட்டு வான்னு எப்படி ஏவுறது?" என்றான் கார்முகில். "மாமா, உங்கள வேலை வாங்குனா எங்கப்பா என்னைய வீட்டுக்குள்ள சேக்காது" என்றான் மனோஜ்.

எல்லாரும் நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். வேலை மட்டும் கொடுக்கவில்லை. இந்த மரியாதையைத் தூக்கி அடுப்பில் வைக்க என்று வந்தது அவருக்கு.

லைசென்ஸ் வைத்திருந்தவர்களில் மிச்சமிருந்தது பவதாரணி மட்டும்தான். பொட்டப்பிள்ளையிடம் போய் நிற்பதா என்று அவளைக் கடைசியில் வைத்திருந்தார். அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"எல்லாக் கடையும் ஏறி எறங்கிட்டு, கடைசியாத்தான் என் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"தப்புத்தான் தாயி."

"நானும் இன்ஜினியரிங் முடிச்சுட்டு அதே கடைகள்ல நின்னவதான். பொம்பளப்புள்ள ஏணில ஏறுனா ஊரு சிரிக்கும்னாய்ங்க. உங்களப் பாத்தா எனக்குப் பாவமாத்தான் இருக்கு. ஆனா நம்ம சோலிக்கு மரியாதை ஆகாதுண்ணே. 'அண்ணே, அதத் தொட்டுறாதீங்க'ன்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆளு போயிரும்."

"அதான் டேய்னு கூப்பிடுங்கிறேன். எனக்கு ரோசமெல்லாம் செத்துப்போச்சு."

அவள் சிரித்துவிட்டாள். "டேய்னு கூப்பிட்டவன ஜீப்ப நிறுத்திப் பாதி மலையில எறக்கிவிட்டு வந்த ஆளு நீங்க. ஊருக்கே தெரியும்."

"அது ஜீப்பு வச்சிருந்த சீனிச்சாமி."

பவதாரணி சிரிப்பை நிறுத்தினாள். "சரி, இன்னைக்கு ஒரு நாள் பாப்போம். சரிப்படலேன்னா கோவிச்சுக்கக் கூடாது."

அன்றைய வேலை குரங்கணியில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில். பாதி விளக்குகள் எரியவில்லை. ஒரு பக்கம் உலர்த்தும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் பெண்கள் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அந்த டேப்பக் கொண்டாங்க."

"கொண்டாங்க இல்ல. கொண்டாடா."

"வாயில வரமாட்டேங்குதுண்ணே."

"அம்புட்டுப் படிச்ச புள்ளைக்கு இது வராதா?"

வரவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஒரு டேய் வரவில்லை. வாங்கண்ணே, பிடிங்கண்ணே, பாத்துண்ணே. சீனிச்சாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் இவளும் ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

ஏணி உச்சியிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "அண்ணே, மெயின ஆஃப் பண்ணிட்டேன். ஆனா ஒண்ணு, காய் ஒலத்துற மெஷினுக்கு வேற லைன் வருது, அதனால நீங்க என்ன பண்றீங்கன்னா, அந்த மூலையில இருக்குற பெட்டிய மட்டும்..."

மெயின் ஆஃப் என்றதுமே அவர் கிளம்பிவிட்டார். சொல்லாமலே ஒரு வேலையைச் செய்து காட்டினால்தான் இந்தப் பிள்ளை நம்பும். மூலைப் பெட்டியைத் திறந்து உள்ளே கையை விட்டார்.

"டேய்! எடுடா கைய!"

ஸ்டோரே அதிர்ந்தது. காய் பிரித்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். பெட்டிக்குள் போன கை வெடுக்கென்று வெளியே வந்தது. வந்த வேகத்திலேயே விரலை நீட்டி, ஏணி மேல் நின்றவளைப் பார்த்து ஆடியது.

"யாரப் பாத்துடி டேய்ங்கிற? நாக்க அறுத்துப்புடுவேன்!"

கத்தி முடித்த பிறகுதான் கத்தியது என்னவென்று அவர் காதிலேயே விழுந்தது. நீட்டிய விரல் தானாக மடங்கியது.

போச்சு. மற்றவர்கள் கெடுத்ததாவது அவர்கள் பாவம். இதைத் தன் வாயாலேயே கெடுத்தாயிற்று. துண்டை உதறித் தோளில் போட்டு, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டார்.

"வர்றேன் தாயி. மன்னிச்சுக்க."

பவதாரணி இறங்கி வந்தாள். டெஸ்டரை எடுத்து, பெட்டிக்குள் அவர் கை போக இருந்த இடத்தில் வைத்தாள். டெஸ்டரின் குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது.

சீனிச்சாமி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொன்னதும் கைய எடுத்துட்டீங்கள்ல, அது போதும்" என்ற பவதாரணி, மறுபடி ஏணியில் கால் வைத்தாள். பாதி ஏறியவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு வெரசா வந்துருடா."