பாரம் இறக்கிய இடம்

“அந்த மொட்டைக் கடுதாசி எழுதினது நான்தான்டி,” என்றாள் அக்கா.

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த தங்கையின் கால் அப்படியே நின்றது. யாரோ ஒரு சிறுமி மாலை ஆராதனைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கவுன், ஊசிக்கடியில் பாதியில் கிடந்தது.

கிறிஸ்மஸ் காலை. யாருக்காவது கெடுதல் செய்திருந்தால் இன்றைக்கே போய்ச் சமாதானம் ஆகிவிடுங்கள் என்று பாதிரியார் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். அக்கா கோயிலிலிருந்து நேராக வந்து, மூச்சிரைக்க மூன்று மாடி ஏறியிருந்தாள்.

இருபத்திரண்டு வருடமாக நெஞ்சில் கிடந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

தங்கைக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததை மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதிப் போட்டது அவள்தான். நிச்சயம் முறிந்தது அதனால்தான். ஏன் எழுதினாள் என்பதையும் ஒளிக்கவில்லை. இளையவள் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டால், அம்மாவோடு தனியாகக் கிடந்து மல்லாட வேண்டியது தான்தானே என்ற பயம்.

மறு வருடமே அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தங்கைக்கு அதற்குப் பிறகு எதுவும் கூடிவரவில்லை.

வலிப்பு விஷயம் வீட்டுக்குள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவள் அம்மா. தங்கை வேறு யாரைச் சந்தேகப்படுவாள்?

நிச்சயம் முறிந்த அன்றே துணிமணியைச் சுருட்டிக்கொண்டு வெளியேறியவள், அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் வரவில்லை. செத்த முகத்தைப் பார்க்கவும் வரவில்லை.

“மனசுல வெச்சுக்காத. நல்ல நாளும் அதுவுமா, மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு.”

தங்கை அழவில்லை. கத்தவும் இல்லை. கவுனின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“நீ எழுதினதுன்னு அம்மாவுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாது.”

“சரி. மன்னிச்சுட்டேன். போயிட்டு வா.”

அக்கா அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். தங்கையின் கைகள் இரண்டும் கட்டையாகத் தொங்கின. அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். உடம்பு பஞ்சு மாதிரி லேசாகிவிட்டிருந்தது.

எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, ஒன்றைத் தவிர.

அம்மாவுக்கு அந்த வாரமே தெரியும். அக்கா அடித்துத் திருத்தி எழுதிப் பார்த்த தாள் அவள் கையில் கிடைத்துவிட்டது. வாசித்துவிட்டு அடுப்பில் போட்டாள்.

“நான்தான்னு அவ நெனச்சுக்கட்டும். எனக்கப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் வேற யாரு இருக்கா?” என்றாள்.

அதோடு சரி. அதைப் பற்றி அம்மா பேசவே இல்லை. கடைசி நாளன்று மட்டும், வாசலைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னாள்.

அக்காதான் திருப்பிப் படுக்க வைத்தாள்.