தட்டில் கிடந்த தாலிச் சங்கிலி

சிகிச்சை அறைக்குள் போகுமுன் செலின் தாலிச் சங்கிலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். பக்கத்தில் சிவப்பு மருந்து ஏற்றிய ஓர் ஊசி இருந்தது. அந்த மருந்தில் கண்ணுக்கே தெரியாத பொன்துகள்கள் மிதந்தன.

"யாரது உள்ளே? நகைப் பட்டறையில கூட்டித் தள்ளுற தூசியா?" என்று கேட்டது சங்கிலி.

"தூசிதான் அக்கா. ஆனா நானும் தங்கம்தான்" என்றது ஒரு துகள். "செலின் மார்புக்குள்ள போய், கட்டி எங்கேன்னு தேடி அதுமேல உட்காரணும். வெளியிலிருந்து வெளிச்சம் அடிச்சதும் சூடாகி அதைப் பொசுக்கணும். நாலு வருஷமா அந்த நெஞ்சுமேலேயே கிடந்தீங்களே, உங்களுக்குத் தெரியலையா?"

சங்கிலிக்குச் சுருக்கென்றது.

"தெரிஞ்சுது. பால் குடிக்கும்போது பாப்பா என்னைப் பிடிச்சு இழுப்பா. அப்படி ஒருநாள் அடியில கல்லு மாதிரி தட்டுப்பட்டுச்சு. எனக்கு மினுங்கத்தானே தெரியும், நான் என்ன செய்ய?"

நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்தார்.

"திரும்பி வந்து சொல்லுவியா?" என்று பதறியது சங்கிலி.

"வரமாட்டேன் அக்கா. அங்கேயே இருந்துடுவேன்."

"கொடுத்து வச்சவ நீ."

கதவு மூடியது. செலினின் கணவன் சங்கிலியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் தோளில் சிணுங்கிக்கொண்டிருந்த பாப்பா, கையை விட்டு அதை உருவி வாயில் வைத்துச் சப்பினாள். உடனே அழுகை நின்றது. அம்மா வாசனை அதில் இன்னும் இருந்தது.

கதவு திறக்கும்வரைக்குமாவது அந்த வாசனை தீராமல் இருக்கவேண்டுமே என்று, சங்கிலி அசையாமல் கிடந்தது.